கவிழ்ந்த பதினாறு பக்கங்கள்

கொள்ளிச் சட்டியை முகிலன் கையில் கொடுத்தாயிற்று; பறையும் முன்னால் கிளம்பிவிட்ட பிறகு அவனுடைய போன் அடித்தது. காலையிலிருந்து அதை மச்சினன் அருள்முருகன்தான் வைத்திருந்தான். பேசிவிட்டு அருகில் வந்தான்.

"பிரஸ்லேர்ந்து மாலிக் பாய், மாமா. அக்கா புக்கு ஓடிட்டிருக்காம். பதினாறு பக்கம் தலைகீழா இருந்துச்சாம். அவரே நேராக்கிட்டாராம். கவலப்படாதீங்கன்னாரு."

முகிலன் நின்றான். பின்னால் பாடையும் நின்றது.

"திரும்பப் போடு. காதுல வை."

அவன் மனைவி கார்குழலியும் அவனும் மட்டுமே நடத்திய பதிப்பகம். வேறு யாரும் போடத் துணியாத எழுத்தைத்தான் அவள் தேடிப் போட்டாள். இது வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தியின் முதல் நாவல். படகு கவிழும் இடத்திலிருந்து பதினாறு பக்கங்கள் தலைகீழாக வர வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கவிழ்த்து, ஃபைலை அனுப்பிவிட்டுத்தான் அவள் படுத்தாள். நான்கு நாள்கூட ஆகவில்லை.

போனில் மேட்டுப்பாளையத்து அச்சக மெஷின் தடதடத்தது.

"பாய், மெஷின நிறுத்துங்க. அது தப்பில்ல. அப்படித்தான் வரணும்."

"தம்பி, நீங்க ஏன் இப்ப... தங்கச்சி ஒடம்பு முடியாம பண்ணதுல மாறிப்போச்சுன்னு நெனச்சேன். கடைசி புக்கு, தப்போட வரக்கூடாதேன்னுதான். முந்நூறு ஷீட்டு ஓடிடுச்சே."

"கிழிச்சுப் போடுங்க."

"தலைகீழா இருந்தா எவன் தம்பி படிப்பான்?"

"திருப்பி வச்சுப் படிப்பான்."

"திருப்பலன்னா?"

"படிக்க வேணாம்."

கார்குழலியின் பெரியப்பா ஜானகிராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பொணத்த நடுத்தெருவுல நிறுத்திட்டு இன்னாய்யா பேச்சு? அவ உசுரோட இருந்தப்பவே நாலு பேரு படிக்கல. இன்னமுமா?"

"நாலு பேரு படிச்சாங்க மாமா. நீங்கதான் படிக்கல."

"எடுத்த பொணம் நிக்கக் கூடாதுடா."

"அவ புக்குதான். நிப்பா."

மாமியார் அஞ்சலாட்சி அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பறைக்காரர்கள் குச்சியைத் தாழ்த்தினார்கள். சட்டியின் கயிறு விரலை அறுத்தது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முகிலன் நகரவில்லை. வெகுநேரம் கழித்து என்பதுபோல, சத்தம் இறங்கி அடங்கியது.

"நிறுத்திட்டேன் தம்பி," என்றார் மாலிக். "புது பிளேட்டு போட்டு, முந்தின பக்கத்தோட சேத்து மடிச்சு போட்டோ அனுப்புறேன். நீங்க நடங்க."

"அடிங்கண்ணே," என்றான் முகிலன் பறைக்காரர்களிடம்.

கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எல்லாம் முடிய மூன்று மணியாயிற்று. குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தான். மதிலோரமாக அருள்முருகன் தனியே நின்றிருந்தான். அக்கா போட்ட புத்தகங்களில் ஒன்றைக்கூட அவன் பிரித்ததில்லை.

"போட்டோ வந்துடுச்சா?"

அருள்முருகன் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. முகிலன் வேட்டி நுனியைப் பிழிந்தபடி காத்திருந்தான்.