அறுநூற்று நாற்பது அடி நின்ற குழி

மயில்சாமி மேல்முறையீடு போட்ட மறுநாள் காலை, அங்கம்மாள் தோட்டத்துப் போர்வெல் குழி மண்ணை விட்டு வெளியே ஏறி நேராக நின்றது. ஆறரை அங்குல அகலம், அறுநூற்று நாற்பது அடி உயரம், உள்ளே நல்ல இருட்டு. திருச்செங்கோட்டு மலையிலிருந்து பார்த்தவர்களுக்கும் தெரிந்தது.

மயில்சாமி போர்வெல் போடும் ரிக் லாரிக்கு முதலாளி. ஆயிரம் அடி ஓட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவர், முப்பத்திரண்டு ராடோடு நிறுத்திவிட்டு ஐம்பது ராடு என்று பில் கொடுத்தார். ராடு ஒன்று இருபது அடி. ரிக் ஆட்களுக்குத் தோட்டக்காரர்தான் சோறாக்கிப் போட வேண்டும் என்பது வழக்கம். அங்கம்மாள் உலை வைக்கப் போன நேரத்தில் கணக்கில் பதினெட்டு ராடு கூடிவிட்டது. தண்ணீர் வரவில்லை. இருநூறு பாக்கு மரம் காய்ந்தது. ரிக்கில் வேலை பார்த்த ரங்கனே சாட்சி சொல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கு நட்டஈடு கொடு என்றது கீழ்க்கோர்ட். மயில்சாமிக்குப் பணம் பெரிதில்லை. கைநாட்டு வைக்கிற பொம்பளையிடம் தோற்றதை டீக்கடையில் பேசுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அடியில் மண் சரிந்து மூடிவிட்டது, பூமிக்குள் போய் எவன் அளப்பான் என்று அப்பீலில் கேட்டார். குழியே அளவு கொடுக்க வந்து நின்றது.

அவர் அசரவில்லை. வந்தது மேல்பாகம்தான், மீதி முந்நூற்று அறுபது அடி உள்ளேயே தங்கிவிட்டது என்று வக்கீலை விட்டுச் சொல்ல வைத்தார். அதைச் சிரிக்காமல் சொன்னதற்கு வக்கீலுக்குத் தனி ஃபீஸ். மூன்று வருடம் வாய்தா ஓடியது. அதற்குள் மின்வாரியம் குழியைச் சுற்றிக் கம்பி இழுத்துவிட்டது. கடைசியில், மீதி இருக்கிறதா என்று பார்த்துவர கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. குழி கிளம்பிய இடமோ பாறையாக மூடிக் கிடந்தது. கமிஷனர் வருமுன் மீதியை உண்டாக்கியாக வேண்டும்; அதை எட்ட, மேலிருந்து ஆயிரம் அடியும் ஓட்டியாக வேண்டும். மயில்சாமி ரிக்கோடு வந்து இறங்கினார்.

“ஏனுங்க அம்மிணி, ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா?”

“ஓட்டுங்கண்ணா. உங்க கேஸு, உங்க டீசலு. சோத்துக்கு மட்டும் ஓட்டலுக்குப் போயிருங்க. நான் ராடு எண்ணோணும்.”

நாற்பத்தொன்பதாவது ராடில் தண்ணீர் பீய்ச்சியடித்து மயில்சாமியின் வெள்ளை வேட்டியை நனைத்தது.

புதுக்குழி, ஈரம் காயவில்லை என்று கமிஷனர் எழுதினார். அப்பீல் தள்ளுபடி. அதுதான் தண்ணீர் வந்துவிட்டதே, ஓட்டிய கூலியையாவது நட்டஈட்டில் கழிக்கக் கூடாதா என்று வக்கீல் கெஞ்சினார்.

“அதுக்கு ஒப்பந்தம் ஏதாவது இருக்கா?” என்றார் நீதிபதி.

நின்ற குழியைப் பற்றித் தீர்ப்பில் ஒரே வரிதான்: மேற்படி சான்றுப்பொருள் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அடங்காத உயரத்தில் இருப்பதால் வாதியின் பொறுப்பிலேயே விடப்படுகிறது.

அங்கம்மாள் அதில் எருமையைக் கட்டுகிறாள்.