இரண்டு இருக்கைகள்

பாறையை உடைத்துப் பொன்னெடுத்த காலம் போய், அரைத்துக் கழித்த மண் மட்டும் வெண்குன்றுகளாய் எஞ்சி நிற்கும் கோலார் தங்கவயலில், ஆனித் திங்களின் பிற்பகல் வெயில் அக்குன்றுகளின்மேல் பட்டுக் கண்ணைக் கூசச் செய்ய, நந்திதுர்க் சுரங்கப் பக்கமிருந்து எழுந்த காற்று தெருப்புழுதியை வாரித் தகரக் கூரைகளின்மேல் இறைக்க, கோரமண்டல் திருச்சபையின் மணி விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அன்பரே, அங்கே சவப்பேழைக்குள் கிடந்தவர் ஏனோக். பதினெட்டாண்டுகள் எல்லைப் பனிமலைகளில் காவல் நின்ற படைவீரர். ஊர் திரும்பிச் சுரங்க வாயிலில் காவலராய் உழைத்து, மனைவி பியூலாவையும் ஒரே மகன் டைட்டஸையும் குறையின்றிக் காத்தவர். நல்லடக்கத்திற்கு முன் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை மகன் எழுந்து படிப்பது அச்சபையார் வழக்கம். நாற்பது அகவை கடந்த டைட்டஸின் கையில் அந்தத் தாள் இருந்தது. அதில் எழுதாமல் விட்ட ஒன்று அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

அது இன்னதென்று சொல்கிறேன், கேளுங்கள். பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போவோர்க்கு விடியற்கால வண்டியில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே எழுபத்திரண்டு அகவைப் பெரியவர் இருள் பிரியுமுன் எழுந்து, முழங்கையில் ஒட்டுத் தைத்த பழைய படைச்சட்டையும் குல்லாயும் அணிந்து, வண்டி புறப்படும் மாரிக்குப்பம் வரை நடந்து, சாளரத்தோர இருக்கையில் அமர்ந்து வருவார்; கோரமண்டல் நிலையத்தில் மகன் ஏறியதும் அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார். இந்த வயதில் இன்னாத்துக்கு இந்தப் பாடு என்று பியூலா கடிந்துகொண்டால் சிரித்து மழுப்புவார்.

சென்ற தைத்திங்களில் ஒருநாள், ஊருக்குப் புதிதாய்க் குடிவந்த மனோகர், டைட்டஸின் மேலாளர், அவனோடு வண்டியேறினார். எழுந்து இடம்விட்ட கிழவரைக் கண்டு யாரென்று வினவினார். பாழும் மகன் தந்தையின் ஒட்டுத்தைத்த முழங்கையைப் பார்த்தான். மேலாளரின் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தான்.

"தெரிஞ்சவரு சார். எடம் புடிச்சு வைப்பாரு," என்றான்.

நாக்கு எப்படித்தான் துணிந்ததோ! பெரியவர் காதில் அது விழுந்தது. முகம் மாறவில்லை. துண்டால் இருக்கையைத் துடைத்து, "உக்காருங்க சார்," என்று பெற்ற மகனிடமே சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் முதல் மனோகருக்கும் சேர்த்து இரண்டு இடம் பிடித்தார். வீட்டில் சாப்பிட்டாயா என்று எப்போதும்போல் கேட்பார். வண்டியில் வாங்க சார் என்பார். மன்னிப்புக் கேட்க ஐந்து திங்களாய் நாள்தோறும் வாயெடுத்து, நாள்தோறும் விழுங்கினான் டைட்டஸ். பிறகு ஒருநாள் வண்டி வந்தபோது, சாளரத்தோரத்தில் வேறு யாரோ அமர்ந்திருந்தார். மாரிக்குப்பம் போகும் வழியிலேயே ஏனோக்கின் மூச்சு நின்றிருந்தது.

மாலையோடு வந்த மனோகர் பேழையருகே குனிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இவரா உங்கப்பா?" என்று மெல்லக் கேட்டார். டைட்டஸ் மேடைக்குப் போனான். பிறந்த ஊர், படைப்பணி, மணநாள் என ஒவ்வொன்றாய்ப் படித்து முடித்துத் தாளை மடித்தான்.

"தெனம் எனக்கு ட்ரெயின்ல எடம் புடிச்சு வச்சவரு எங்கப்பா. யாருன்னு கேட்டாங்க. தெரிஞ்சவருன்னு சொன்னேன். அவரு எதிர்லயே சொன்னேன். அப்பான்னு சொல்ல வெக்கப்பட்டேன்."

முன்வரிசையில் பியூலா தலைநிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும்பா. அன்னிக்கே வந்து சொன்னாரு. நீ ஒண்ணும் கேட்டுக்காத, புள்ள சங்கடப்படுவான்னாரு."

ஓங்கி அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும். பேழையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அவன் வாய்விட்டு அழுதான்.

இப்போதும் அவ்வண்டியில்தான் போகிறான். மனோகர் நகர்ந்து இடம் தந்தாலும், சாளரத்தோரம் ஒழிந்தே கிடந்தாலும், பெங்களூர் வரை நின்றுகொண்டே போகிறான். அன்பரே, பெற்றவரை இவர் என் தந்தை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் சொல்லிவிட்டான், ஊரே கேட்டது, கேட்கவேண்டியவர் மட்டும் கேட்கவில்லை.