தாயிடமிருந்து வந்தது

பூங்கொடிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் ஆனதும் பிறந்த ஊரான அச்சரப்பாக்கம் போகாமல் நெம்மேலியில் புருஷன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். பார்த்துக்கொள்ள வந்தவள் புருஷன் மணியின் அக்கா தமிழ்ச்செல்வி. வந்த நாள் முதல் பிள்ளை அவள் மடியில்தான். பெற்றவளுக்குப் பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் இரவல்.

பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை துணி மாற்றும்போது தமிழ்ச்செல்வி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பெண்குழந்தையின் இடுப்புத் துணியில் ஒரு சொட்டு ரத்தம்.

"அடிப்பாவி! கொயந்தைய இன்னாடி பண்ணே?"

"நான் இன்னா பண்ணேன் அண்ணி? பால் குடுத்தேன், தூங்கிச்சு."

"அதான்! உன் பாலு சூடு. வேணாம் வேணாம்னு சொல்லியும் மாம்பயத்த வாரி வாரித் தின்னல்ல? பச்ச மண்ணு தாங்குமா? ரத்தமாப் போவுது. டேய் மணி, மெடிக்கல்ல பால் டப்பா ஒண்ணு வாங்கினு வா. இனிமே இவ பாலு உள்ள போவக்கூடாது."

மணி மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், வண்டிச் சாவியை எடுத்தான். பூங்கொடிக்குப் பிரசவத் தையலைவிட அதுதான் வலித்தது.

பிள்ளை பசியில் வீறிட்டது. பிள்ளை அழும் சத்தம் கேட்டால் மார்பு தானாகச் சுரக்கும். யார் உத்தரவையும் கேட்காது. பூங்கொடியின் ரவிக்கை நனைந்தது.

"குடு அண்ணி. அதுக்குப் பசிக்குது."

"கத்தட்டும். வெசத்தக் குடிக்கறதுக்குக் கத்திக்கினு கெடக்கலாம்."

பூங்கொடி போனை எடுத்துக் கிராம நர்ஸ் வசுமதியை அழைத்தாள். வசுமதி அடுத்த தெருவில்தான் இருந்தாள், உடனே வந்துவிட்டாள். துணியைப் பார்த்தாள். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தித் தொப்புளையும் வாயையும் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. சில பொண்ணு குழந்தைங்களுக்கு மொத வாரத்துல இப்படிப் படும். வயித்துல இருக்கறப்ப அம்மாவோட ஹார்மோன் குழந்தைக்கும் போகும். பொறந்தப்புறம் அது கொறையறப்ப குழந்தையோட கர்ப்பப்பையிலேர்ந்து லேசா ரத்தம் வரும். அம்மாகிட்டேர்ந்து வந்ததுதான், சில நாள்ல தானா நின்னுடும். அதிகமாப் பட்டாலோ, நிக்காம வந்தாலோ, வேற எங்கயாவது ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வாங்க. தாய்ப்பால மட்டும் நிறுத்தாதீங்க."

இத்தனை பேச்சிலும் தமிழ்ச்செல்வி காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

"கேட்டியாடி? அம்மாகிட்டேர்ந்து வந்ததுன்னு நர்சம்மாவே சொல்லிட்டாங்க! நான் சொன்னா மட்டும் பொல்லாப்பு."

"ஐயோ, நான் பாலைச் சொல்லலம்மா..."

"எல்லாம் ஒரே ஒடம்புதான!"

மணி டப்பாவோடு உள்ளே வந்தான். "தண்ணி காய வைடா" என்றாள் அக்கா. அவனும் அடுப்பைப் பற்றவைத்தான்.

பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா அண்ணி, என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு. ரத்தம் என்னுது. மூக்கு என்னுது. இந்தக் கத்து கத்துதே, அந்தத் தொண்டையும் என்னுது. அதுல உன்னுது இன்னா கீது? காட்டு, உங்கிட்டயே வுட்டுர்றேன்."

"வாய் ரொம்பத்தான் நீளுது!"

"நீளட்டும். கொயந்தையக் குடு."

பூங்கொடி பிடுங்கவில்லை. ஒரு கையைப் பிள்ளையின் கழுத்துக்கு அடியிலும் மறு கையை முதுகுக்கு அடியிலும் நுழைத்து, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். தமிழ்ச்செல்வி மணியைப் பார்த்தாள். மணி தரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவள் கை தளர்ந்தது.

"அடுப்ப அணை" என்று பூங்கொடி புருஷனிடம் சொன்னாள். அணைத்தான்.

கட்டிலில் சாய்ந்து பிள்ளையை மார்போடு சேர்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

"நாளைக்கு எதுனா ஒண்ணு ஆவட்டும், இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" தமிழ்ச்செல்வி பையில் புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். "ஊரே காறித் துப்பும், பாத்துக்கினே இரு!"

பூங்கொடி பிள்ளையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.