பேரனுக்கு ஒரு மூட்டை வெள்ளை மண்

சிகரெட்டைத் தொட்டதில்லை என்ற கர்வம் ரிஃப்கிக்கு நிறையவே உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் டீக்கடையில் பாதிப் பேரை வெறுப்பேற்றி வைத்திருந்தார். அதனால் துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபிலிஸ், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்று சொன்னதும் அவருக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம்.

"ஊர்ல சொல்லிடாதீங்க டாக்டரம்மா. ஊதித் தள்ளுற பயலுக எல்லாம் சிரிச்சுக்கிட்டே என்னைத் தூக்கிட்டுப் போவானுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டுச் சுவருக்கு என்ன பூசுவீர்கள் என்று கேட்டார். வேறென்ன, மலைச்சரிவில் தோண்டும் வெள்ளை மண்தான். கைக்குழந்தைக்கும் அதுதான், சலித்து, வாணலியில் சூடாக்கி, துணியில் பரப்பி இடுப்பைச் சுற்றிக் கட்டினால் பிள்ளை ஈரம் தெரியாமல் தூங்கும். ஊரிலேயே பூப்போலச் சலிப்பது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"அந்த மண்ணுலதான் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு" என்றார் டாக்டர்.

"அது கம்பெனிக்காரன் செய்யறதில்லையா?"

"அவனும் மண்ணுலேருந்துதான் எடுக்கறான்."

பிறகு பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற நார் மூச்சோடு போய்ச் சவ்வில் தைத்துக்கொள்ளுமாம். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அந்த இடம் வருஷக்கணக்கில் புண்ணாகவே இருக்கும். செல்கள் பிரியும்போது மரபணு அறுந்துபோகும். அறுபடாத சில மரபணுக்களும் வேலை செய்யாது. புற்றைத் தடுக்க வேண்டியவற்றுக்கு உடம்பே பூட்டுப் போட்டுவிடும்.

"காவக்காரனை உள்ள வச்சுப் பூட்டிட்டு, திருடனுக்குத் திண்ணையைக் குடுத்த மாதிரி" என்றார் ரிஃப்கி.

"ஆமாம். நோய் வெளியில தெரிய முப்பது, நாப்பது வருஷம்கூட ஆகும்."

ரிஃப்கி சட்டென்று எழுந்தார். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பிரசவமான மகள் வீட்டில் பேரனுக்காக ஒரு மூட்டை மண்ணை இறக்கிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"குல்தென், அந்த மண்ணு..."

மறுமுனையில் மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. மூட்டையைப் பிரிக்கவே இல்ல, பால்கனியில கிடக்கு. புள்ளைக்குக் கடை டயப்பர்தான் போடறோம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நேற்றாக இருந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். இப்போது சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையில் போய் நின்றது. தொடாதே, பிரிக்காதே, பால்கனிக் கதவைச் சாத்து என்றார்.

"என்னப்பா ஆச்சு? எனக்கும் இதைத்தானே போட்டு வளத்தீங்க? நல்லாத்தானே இருக்கேன்?"

அந்தச் சத்தம் மேஜைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். குல்தெனுக்கு வயது முப்பத்து நான்கு.

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர் ரிஃப்கி. இந்த முறை கைபேசியை டாக்டரிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அவளுக்குச் சலிச்சதும் நான்தான்."