இரண்டு கைப்பிடி

பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே செருகிக்கொண்டு தூலி எழுத ஆரம்பித்ததும், மூலை நாற்காலியில் இருந்த அவள் அப்பா ரவுனோ கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சர்ச்சுக்குள் நுழைந்தவர் மாதிரி. மகளின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடிக்கணுவோடு நின்றுபோனவை. அந்தக் கையை இத்தனை வெளிச்சத்தில், இத்தனை கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. கயானி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவளை எப்போதும் கூட்டிக்கொண்டு வருவது அம்மாதான். அந்த நாட்களில் ரவுனோவுக்கு மரமறுக்கும் ஆலையில் ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வார். இன்றைக்கு அம்மாவுக்கு டியூட்டி மாற்றிக்கொள்ள முடியவில்லை.

காரிலேயே தூலி சொல்லிவிட்டாள்.

"அப்பா, உள்ள வந்து எதாவது பேசி வைக்காதே."

"நான் எப்ப பேசியிருக்கேன்?"

"அதான் பயமா இருக்கு. இன்னிக்கு ஆரம்பிச்சிடாதே."

இரண்டு பேருமே சிரித்தார்கள். வழி முழுக்க இரண்டு பக்கமும் பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது.

மே மாதம் ஹெல்சின்கி மருத்துவக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு. போன வருஷமும் எழுதினாள். கடைசிக் கணக்குகளுக்கு விடை தெரிந்திருந்தும் கை ஓடவில்லை. அந்தப் பக்கங்களை வெற்றாகவே கொடுத்துவிட்டு வந்து, மூன்று நாள் யாரோடும் பேசாமல் விறகு அடுக்கினாள். கையில் குறை இருப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் தருகிறார்கள். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற, கைகளுக்கு மட்டும் சிகிச்சை செய்கிற இந்த ரித்வா சோதித்துப் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

"வீட்ல எப்படி எழுதுவியோ அப்படியே எழுதும்மா. இங்க ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் ரித்வா.

தூலியின் பேனாவோ ஓடிக்கொண்டிருந்தது. வரிகள் நேராக, உழுத சால் மாதிரி விழுந்தன. ரவுனோவுக்கு நெஞ்சு நிறைந்தது. அட, என்ன வேகம்! நிறைந்த நெஞ்சு உடனே திக்கென்றது. இந்த வேகத்தைப் பார்த்துவிட்டு யார் கூடுதல் நேரம் தருவார்கள்? ரித்வாவும் புருவத்தைச் சுருக்கி எதையோ குறித்துக்கொண்டாள். கொஞ்சம் மெதுவாகத்தான் எழுதேன் பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அப்போதுதான் மேஜைக்கடியில் அவள் கால்கள் கண்ணில் பட்டன. வலது காலின் குதிகால், இடது காலின் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தது. தரையில் தேய்த்துத் தேய்த்து நசுக்கியது. இதை அவர் பார்த்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு நறுக்கும்போது, பனியில் சறுக்குக் கட்டைகளின் வாரை இழுத்துக் கட்டும்போது. பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே கால் சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் ரித்வா.

"இல்ல" என்றாள் தூலி. சொல்லிவிட்டு ரித்வாவைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். ஒன்பது வயசில், ஆம்புலன்ஸில் கிடந்தபடி, "வலிக்கல அப்பா" என்றபோது பார்த்த அதே பார்வை. பிறகு ஆஸ்பத்திரியில் இடது கையால் எழுதிப் பழகச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வலதுலயே எழுதுவேன்" என்று சொன்னதும் அந்தப் பார்வையோடுதான். அந்த 'வலிக்கல'வைத் தின்றுதான் இத்தனை வருஷமும் அவர் உயிர் வாழ்ந்திருக்கிறார்.

"எப்படி அடிபட்டதுன்னு டாக்டருக்கு ஒரு வரி வேணும்" என்றாள் ரித்வா.

"விறகு பிளக்கற மெஷின். நான்தான் அவசரப்பட்டு கைய வச்சிட்டேன்."

வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான வரி. அந்த மெஷினில் இரண்டு கைப்பிடி. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஆப்பு இறங்கும். அழுத்துகிறவன் கை உள்ளே போகக்கூடாது என்பதற்காக அப்படி. அந்தப் பக்கத்து ஆண்கள் யாரும் அதைப் பொறுப்பதில்லை. ஒரு கைப்பிடியை வைக்கோல் கட்டும் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் வேலை பார்ப்பார்கள். அன்றைக்கு ரவுனோவும் கட்டியிருந்தார். தூலி கட்டையை நிமிர்த்தி வைத்தாள். அவர், வழியில் போன பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துத் தலையாட்டியபடியே அழுத்தினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போர்வை எடுக்கப் போகிற மாதிரிப் போய், அந்தக் கயிற்றை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பினபோது பனியில் உட்கார்ந்திருந்த பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரவுனோ எழுந்தார்.

"அவ அவசரப்படல" என்றார்.

தூலியின் பேனா நின்றது. "அப்பா, சும்மா இரேன்."

"அவசரப்பட்டது நான். அதையே எழுதிக்குங்க." தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். இன்னும் என்னவோ சொல்ல வேண்டியிருந்தது.

ரித்வா அவரைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கடியிலும் பார்த்தாள். "ரவுனோ, கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்."

"இப்பதான் குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க. அவளுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

கதவருகே நின்று, திரும்பாமலே, "தூலி, நான் இங்க இல்ல. தெரியுதா?" என்றார்.

கீழே போய் வாங்கிக்கொண்டு திரும்பினபோது கதவு சாத்தியே இருந்தது. கதவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி. உள்ளே குரல் கேட்கவில்லை. தூலி எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு சொல். பேனாவை வைத்துவிட்டாள். வலது கையை இடது கக்கத்தில் சொருகிக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. ரித்வா அவளைத் தொடவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வெகுநேரம் கழித்து தூலி பேனாவை எடுத்தாள். இன்னொரு சொல். கால்கள் இரண்டும் தரையில் தனித்தனியாக, அசையாமல் இருந்தன.

ரவுனோவின் இரண்டு கையிலும் காகிதக் கோப்பைகள். மூடி இல்லாத சூடான காபி விளிம்பைத் தாண்டி விரல்களில் வழிந்தது. பக்கத்திலேயே பெஞ்சு இருந்தது. அவர் எந்தக் கோப்பையையும் கீழே வைக்கவில்லை.