தும்மினால் நகரும் வீடு

ரொஸ்மானி ஒருமுறை தும்மினால் அவள் வீடு ஆற்றை நோக்கி ஒரு சாண் நகரும். ஜாம்பியில், பத்தாங்ஹாரி ஆற்றங்கரையில், மரக்கால்கள்மேல் நின்ற வீடு. புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டக்காரர்கள் காட்டைக் கொளுத்தி, மாதக்கணக்கில் சூரியனே தெரியாமல் புகை கவிந்த வருடம் பிடித்த சனியன் இது. மழை வந்து வானத்தைக் கழுவியது. மூக்கை யார் கழுவுவது?

"புகை உள்தோலை அரிச்சிருச்சுக்கா. நரம்பு சூடுபட்டுப் பயந்துகிடக்கு. இனிமே சோப்பு வாசனை வந்தாலும் தீப்பிடிச்ச மாதிரிதான் அலறும்," என்றாள் நர்ஸ் எல்வீரா. ஊர்த்தலைவர் தார்மிசி நம்பவில்லை. "எல்லாருந்தான் அந்தப் புகையைக் குடிச்சோம். இவங்களுக்கு மட்டும் என்ன ராஜமூக்கா?" என்று கேட்டுவிட்டு, பேய் ஓட்ட சாம்பிராணி போடச் சொன்னார். போட்டார்கள். அன்று ஒரே மூச்சில் வீடு பலாமரத்தைத் தாண்டிவிட்டது.

வீட்டை இடம் மாற்றுவது அந்த ஊரில் பெரிய காரியமல்ல. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் கூடி, மூங்கில் கட்டி, வீட்டைத் தோளில் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பார்கள். தூக்கியவர்களுக்கு வீட்டுக்காரி சோறு போட வேண்டும். சோறென்றால் மிளகாயை அரைத்து வதக்கிய சம்பல் இருந்தே ஆகவேண்டும். ரொஸ்மானி மிளகாயை எண்ணெயில் போடுவாள், தும்முவாள். வெளியே பாயில் உட்கார்ந்தவர்கள் தின்று கை கழுவுவதற்குள் வீடு பாதி வழி போயிருக்கும். வருடக்கணக்கில் இதே கூத்து.

"ஒரு வாரம் சம்பல் இல்லாம சாப்பிடுங்களேன்பா," என்று கெஞ்சிப் பார்த்தாள். "அது ஆஸ்பத்திரிச் சோறாச்சே," என்றார் தார்மிசி.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வெறுத்தே போய்விட்டது. கரண்டியை வீசியெறிந்தாள். "இந்த வீட்ல இனி மிளகா வதங்காது. இஷ்டமிருந்தா தூக்குங்க, இல்லன்னா போங்க!"

போய்விட்டார்கள். அடுத்த கோடையில் மறுபடி காடு எரிந்தது. தும்மித் தும்மி, அழுதுகொண்டே, அவள் வீட்டோடு ஆற்றுக்குள் இறங்கினாள். வீடு மூழ்கவில்லை, மிதந்தது. படித்துறைக் கட்டையில் கயிறு போட்டுக் கட்டினாள்.

அதே புகையில், அந்த மாதமே, தார்மிசி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தும்மினார். அவர் வீடு ஒரு சாண் நகர்ந்தது. ஒரு வாரம் மறைத்துப் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே கரைக்கு வந்து நின்றார்.

"ரொஸ்மானிக்கா... உங்க பக்கத்துல இடம் இருக்குமா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி வீட்டைத் தள்ளிக் கட்டினாள்.

"இருக்கு. மிளகா அரைக்கிற கல்லை மட்டும் கரையிலயே போட்டுட்டு வா."

இப்போது தபால்காரர் அந்த மிதக்கும் தெருவுக்குப் படகில்தான் வருகிறார்.