சப்பை எலும்பு

சமையலறைத் தராசில் மார்லிஸ் ஒரு அம்பைக் குறுக்காக வைத்தாள். எண் நிற்பதற்குள் எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாள். காலையிலிருந்து இதே வேலைதான். கனமான அம்பு கனமாகத்தான் இருந்தது, இலேசானது இலேசாகத்தான் இருந்தது. மாவு நிறுக்கிற தராசு பாவம், கேட்ட போதெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று புரியவில்லை. இரண்டு அம்புகளையும் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றிப் பார்த்தாள். தண்டு கோணலாக இருந்தால் நகத்தில் அதிரும். இரண்டுமே அதிராமல் சுழன்றன. ஒன்றாவது கோணலாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

டெல் காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றான். "ராத்திரியில ஏதாவது எடை கூடியிருக்கா?" என்று கேட்டான். அவள் திரும்பவில்லை. அவனுக்கு வில் பிடிக்காது. அக்டோபர் கடைசியில் துப்பாக்கி வேட்டைப் பருவம் திறந்ததும் மலையேறி, ஒரே குண்டில் ஒரு எல்க் மானைச் சாய்த்து, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்துவிடுகிற ஆள். மனைவி செப்டம்பர் வில்வேட்டைக்காக ஆகஸ்டு முழுக்க அம்புகளோடு மல்லுக்கட்டுவதை, பல்வலிக்காரரைப் பார்ப்பது போலப் பரிவோடு தள்ளி நின்று பார்ப்பான்.

போன செப்டம்பர் வரை மார்லிஸுக்கும் இந்தக் குழப்பம் இல்லை. கடைக்காரர் கொடுத்த அம்பை வாங்கினாள், எய்தாள், பட்டது. போன செப்டம்பரில் ஒரு பெரிய ஆண் எல்க், நல்ல கொம்பன், பக்கவாட்டில் வந்து நின்றது. விட்ட அம்பு விலாவுக்குப் போகாமல் ஒரு கை முன்னால் போய்த் தோளின் சப்பை எலும்பில் இடித்தது. பலகையில் ஆணி அடித்தது போல ஒரு சத்தம். அம்பு ஒரு விரல் நீளம் உள்ளே போய் அங்கேயே ஒடிந்தது. கொம்பன் ஓடிவிட்டது. வழக்கப்படி உட்கார்ந்து காத்திருந்துவிட்டு, ரத்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டு போனாள். துளிகள் சிறுத்து, அரிதாகி, ஒரு ஓடைக்கரையில் நின்றுபோயின. டெல்லும் அவன் தம்பி ஓரினும் கூட வந்து நாட்கணக்காகத் தேடினார்கள். அண்டங்காக்கை எங்காவது கூடுகிறதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் எல்க் இறைச்சியைத் தொடவில்லை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பிள்ளைகளுக்குச் சூப் கிண்டும்போது திடீரென்று அந்தச் சத்தம் கேட்கும். எங்கோ ஒரு புதருக்குள் அது சீழ் பிடித்து, முன்னங்காலை இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று நினைப்பாள். இன்னொரு விலங்குக்கு அப்படிச் செய்துவிடக் கூடாது. செய்யாமலிருக்க வழி தெரியவில்லை என்றால் வில்லை விற்றுவிட வேண்டும். இதை டெல்லிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

வழி சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஓரின் கனமான அம்புக் கட்சி. பருமன் குறைந்த, ஆனால் சுவர் தடித்த தண்டு, முன்பக்கம் எடை, ஒரே தகட்டில் செய்த இரட்டை அலகு முனை. எலும்பானாலும் பிளந்துகொண்டு போகும், முனை வளையாது, தண்டு உடையாது என்று அடித்துச் சொன்னான். வில்கடைக்காரர் லைல் இதற்கு நேரெதிர். மார்லிஸுக்குத் தோளில் அறுவை நடந்த பிறகு அவள் வில்லின் இழுவிசையைக் குறைத்தாகிவிட்டது. அந்தக் குறைந்த விசையில் கனமான அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும், தூரத்தை ஐந்து கஜம் தப்பாகக் கணித்தால் போதும், அடிவயிற்றில் போய்க் குத்தும், அது எலும்பில் படுவதைவிடக் கொடுமை என்றார். இலேசான அம்பு, மூன்று அலகு முனை, நேராகப் போகும், எலும்பில் படாமல் எய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்றார். அவர் கடையிலிருந்து வெளியே வரும்போது லைல் சொல்வதுதான் சரி. ஓரின் வீட்டைத் தாண்டும்போது ஓரின் சொல்வதுதான் சரி. இரண்டுக்கும் நடுவில் உள்ள தபால் நிலையத்தில் அவளுக்கு மண்டை காய்ந்துபோகும்.

ஒருநாள் ஓரின் கசாப்புக் கடையிலிருந்து ஒரு மாட்டுச் சப்பை எலும்பைக் கொண்டுவந்து, கொல்லையில் அவள் எய்து பழகுகிற நுரைப்பலகையில் கட்டினான். இலேசான அம்பு எலும்பில் பட்டதும் முனையின் அலகுகள் சுருண்டன, தண்டு சிம்பு சிம்பாகக் கிழிந்தது. கனமானது ஒரு துளையைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய் நின்றது. ஓரின் ஒன்றும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு அவன் போனதும் அவளே தள்ளிப் போய் நாற்பது கஜத்திலிருந்து எய்து பார்த்தாள். இலேசானது குறியில் பட்டது. கனமானது ஒரு சாண் கீழே. ஆக, இருவருமே சரி.

கடைசியில் முடிவெடுக்காமலிருப்பதையே ஒரு முடிவாக எடுத்தாள். தூணியில் பாதி கனமானவை, பாதி இலேசானவை. வில்லில் குறிபார்ப்பதற்கான குறிமுள் ஏறி இறங்குகிற சட்டத்தில் இரண்டு கோடுகள் கிழித்தாள். மேல்கோடு இலேசுக்கு, கீழ்க்கோடு கனத்துக்கு; முள் இறங்கினால் வில்லை உயர்த்திப் பிடிக்க வேண்டிவரும், தாழ்கிற அம்பும் குறிக்குப் போகும். வெட்டவெளி என்றால் இலேசு, மரக்கூட்டம் என்றால் கனம். இதை வில்கடையில் லைலிடம் சொன்னாள். "ஒரு வில்லுக்கு ரெண்டு புருஷன் கட்டி வெக்கிற, மார்லிஸ். ஒருநாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுக்கு வருவாங்க," என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

செப்டம்பர் வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கில் வில்லெடுக்கிறவர்களின் இடது முன்கை மொட்டையாகிவிடும். அலகு கூராக இருக்கிறதா என்று ஆளாளுக்குத் தன் கை மயிரை மழித்துத்தான் பார்ப்பார்கள். மார்லிஸின் கையில் அந்த வருடம் மற்றவர்களைவிட இருமடங்கு மொட்டை. பள்ளி உணவு வரிசையில் பிள்ளைகள் கேட்கக் கூடாதென்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள்.

ஓரினோடு மலைக்குப் போன அன்று புல்வெளி ஓரம் உட்காருவதாகத் திட்டம். வண்டியிலிருந்து இறங்கும்போதே குறிமுள்ளை மேல்கோட்டுக்கு ஏற்றித் திருகாணியை முடுக்கினாள். ஆனால் காற்று திரும்பி, அவர்கள் வாடையைப் புல்வெளிப் பக்கம் கொண்டுபோனது. ஓரின் கையைக் காட்ட, இருவரும் மரக்கூட்டத்துக்குள் நகர்ந்தார்கள். அவள் இலேசான அம்பைத் தூணியில் செருகிவிட்டுக் கனமானதை நாணில் கோத்தாள். ஓரின் பின்னால் தள்ளி உட்கார்ந்து பெண் எல்க் போலக் குரல் கொடுத்தான். பதிலுக்கு ஒரு கொம்பன் கத்தியது. சரிவில் கிளைகள் முறிந்தன. அதன் வாடை முதலில் வந்தது, பிறகு கொம்பு, பிறகு உடம்பு.

அவள் நாணை இழுத்தாள். கொம்பன் முப்பது கஜம் போல ஒரு இடைவெளியில் வந்து, இடப்பக்கத்தைக் காட்டி நின்றது. இதைவிட நல்ல நிலை யாருக்கும் கிடைக்காது. குறிமுள் விலாவில் போய் உட்கார்ந்தது. அம்பின் நுனியில் இரட்டை அலகு. கனமானது, சரி. குறிமுள்ளைக் கீழே இறக்கினேனா?

திருகாணியைத் தளர்த்தியது ஞாபகம் இருந்தது. ஆனால் அது இன்றைக்கா, நேற்றுக் கொல்லையிலா? இறக்கியதாக ஒரு தரம் தோன்றியது. இறக்க நினைத்தபோதுதானே ஓரின் கையைக் காட்டினான் என்றும் தோன்றியது. நாணை இழுத்துப் பிடித்த நிலையில் சட்டத்தின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் மேலே பிடித்து எய்யலாம். ஏற்கெனவே இறக்கியிருந்தால் அது முதுகுக்கு மேலே போகும். அப்படியே எய்யலாம். இறக்காமலிருந்தால் அதன் முன்னங்கால் மூட்டுக்குக் கீழே குத்தும். அறுவை நடந்த தோள் இனித் தாங்காது. பலகையில் ஆணி அடிக்கிற சத்தம், அம்பு புறப்படும் முன்பே, காதுக்குள் கேட்டது. நாணை மெதுவாகத் தளர்த்தினாள். அந்த அசைவைக் கொம்பன் பார்த்தது. அவசரமில்லாமல் திரும்பிச் சரிவில் இறங்கியது. இறங்கும்போது முன்னங்கால் லேசாகத் தடுக்கியது போலிருந்தது. சரிவென்றால் தடுக்கத்தான் செய்யும்.

ஓரின் எழுந்து வந்தான். "ஏன் விடல?"

"தெரியல."

"தெரியலன்னா?"

அவள் வில்லைத் திருப்பிக் காட்டினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். குறிமுள் மேல்கோட்டிலும் இல்லை, கீழ்க்கோட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஓரின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டான். இருவரும் வண்டிக்கு இறங்கினார்கள்.

துப்பாக்கிப் பருவத்தில் டெல் வழக்கம்போல மலையேறினான், வழக்கம்போல ஒரு கொம்பனோடு இறங்கினான். கொட்டகையில் தொங்கவிட்டு, ஓரினும் மார்லிஸும் கூடச் சேர்ந்து தோலுரித்தார்கள். இடது சப்பையைக் கழற்றும்போது டெல்லின் கத்தி எதிலோ நறுக்கென்று பட்டது. வெள்ளையாக, நரம்பும் குருத்தெலும்புமாக முட்டையளவு ஒரு முடிச்சு. அவன் அதை அறுத்துத் திறந்தான். உள்ளே மூன்று அலகு முனை, அதில் ஒட்டிய ஒரு விரல் நீளத் தண்டு. தண்டில் வெள்ளை மையில் மா. ஹா. என்று பாதி தேய்ந்த எழுத்து. மார்லிஸ் ஹாகன். அவளே எழுதியது.

டெல் கொம்பனின் விலாவைத் தட்டினான். "பாரு, எவ்ளோ கொழுப்பு. இது எங்க கஷ்டப்பட்டுச்சு? ஒரு வருஷம் நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கிருக்கு."

ஓரின் முனையை வாங்கிப் புரட்டினான். "கனமானதா இருந்திருந்தா போன வருஷமே ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருந்தா இந்த வருஷம் நமக்கு இது கெடச்சிருக்காது," என்றான் டெல்.

இந்தச் செப்டம்பரில் மரக்கூட்டத்தில் வந்ததும் இதே கொம்பன்தான், அந்த வலப்பக்கக் கொம்பைத் தனக்குத் தெரியும் என்று ஓரின் சொன்னான். மலை முழுக்க அப்படிக் கொம்புகள்தான் என்று டெல் சொன்னான். இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கொம்பைப் பார்த்தாள். அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு குளிர்காலம் முழுக்க இறைச்சி தொடாமல், தூக்கம் கெட்டு, அவள் இதற்காகத் துக்கம் அனுசரித்திருக்கிறாள். இது என்னடாவென்றால் கொழுத்துப்போய் மலையில் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறது. அடுத்த நொடியே அந்தக் கோபத்துக்காக வெட்கமாக இருந்தது. நல்ல அம்பு என்றால் கொல்கிற அம்பு. கெட்ட அம்பை எய்ததால் இது ஒரு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியானால் அவள் செய்தது தப்பா, சரியா? டெல்லைக் கேட்டால் ஒன்று சொல்வான், ஓரினைக் கேட்டால் இன்னொன்று சொல்வான். இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

"அதக் குடு," என்று முனையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அந்த வீட்டில் வேட்டை கிடைத்த முதல் நாள் சாப்பாடு அதன் இதயம்தான். டெல் பின்னாலேயே வந்து, கையைக் கழுவிவிட்டு, அதை வில்லை வில்லையாக அரிந்து வெங்காயத்தோடு வாணலியில் போட்டான். மார்லிஸ் தொட்டியில் வெந்நீர் விட்டு, பாத்திரம் துலக்கும் நாரால் முனையைத் தேய்த்தாள். அலகுகளுக்கு இடையில் ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வு உரிந்து வந்தது. இரண்டு அலகுகள் சுருண்டிருந்தன. மூன்றாவது நேராக இருந்தது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேசையில் தராசும், அதன் பக்கத்தில் தூணிக்கு எடுத்தது போக மிஞ்சிய இரண்டு கட்டு அம்புகளும் ஆகஸ்டிலிருந்து அப்படியே கிடந்தன.

"ஒனக்குத் தட்டுல எத்தன வில்ல வெக்க?" என்று டெல் அடுப்படியிலிருந்து கேட்டான்.

அவள் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். செப்டம்பரில் மழித்த இடத்தில் மயிர் மறுபடி முளைத்திருந்தது. நேராக இருந்த அலகை அதன்மேல் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இழுத்தாள். ஒரு வருடம் சதைக்குள் கிடந்தும் கூர் போகவில்லை; ஒரு சத்தமும் இல்லாமல் மயிர் உதிர்ந்து, ஈரத் தொட்டியின் வெள்ளை விளிம்பில் ஒட்டிக்கொண்டது. டெல் மறுபடி கேட்டான்.